கருத்துணர்தலும் பீடிகையும் – கடிதம்

ஐயா வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டுக்குப் பாடம் எடுக்கிறேன். பத்தியை வாசித்துப் புரிந்துகொள்ளும் கருத்துணர்தல் வகுப்பில், பீடிகைக்கு, அதாவது பாடத்தைத் தொடங்கி வைக்க, பாட்டு, கைதட்டல், காணொளி எல்லாம் செய்கிறேன். அந்த ஐந்து நிமிடம் வகுப்பே கலகலவென்று இருக்கும். பத்தியை வாசிக்கச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது. வேறு எப்படித் தொடங்கலாம்?
– ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

பாட்டில் குறையில்லை. அந்தப் பாட்டுக்கும் அடுத்து வரும் பத்திக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

1972இல் அமெரிக்காவில் பிரான்ஸ்ஃபோர்டு, ஜான்சன் என்ற இருவர் ஓர் ஆய்வு செய்தார்கள். துணி துவைப்பதைப் பற்றிய ஒரு பத்தி, ஆனால் துணி என்ற பேச்சே அதில் இல்லை. இது துணி துவைப்பது பற்றியது என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களுக்கு நன்றாகப் புரிந்தது, நிறைய நினைவிலும் நின்றது. கேட்டு முடித்த பிறகு சொல்லப்பட்டவர்களுக்கு அது பெரிதாக உதவவில்லை. பெரியவர்களுக்கே அப்படி என்றால் ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு? தனக்குத் தெரிந்ததில் எதை எடுத்துக்கொண்டு பத்திக்குள் போக வேண்டும் என்பது அதற்குத் தெரிய வேண்டும், பீடிகையின் வேலையே அதுதான்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பத்தி ஆந்தையைப் பற்றியது என்று வையுங்கள். எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழத்தை எலி தின்கிறது என்பதால் பல தோட்டங்களில் ஆந்தை தங்குவதற்குக் கம்பத்தின் மேல் பெட்டி வைத்திருக்கிறார்கள், உங்கள் பிள்ளைகளில் சிலராவது அதைப் பார்த்திருப்பார்கள். உதிர்ந்த செம்பனைப் பழம் ஒன்றைக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். "இதை யாரு கடிச்சுத் தின்பா? அவனைப் பிடிக்க யாரு வருவா? பெட்டிக்குக் கீழே சின்னச் சின்ன எலும்பா கிடக்குமே, அது எப்படி வந்தது?" என்று கேளுங்கள். ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், எல்லாவற்றையும் பலகையில் எழுதுங்கள், எது சரி என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். எலியை முழுசாக விழுங்கிவிட்டு எலும்பையும் முடியையும் ஆந்தை உருண்டையாகக் கக்கிவிடும் என்பதைப் பத்தியே சொல்லட்டும். யார் சொன்னது சரி என்று தெரிந்துகொள்ளவாவது பிள்ளை வாசிக்கும்.

பிள்ளைகள் பார்க்கவே முடியாத விஷயம் பத்தியில் வந்தால், உதாரணத்துக்குப் பனி பெய்வது, சீவிய ஐஸில் செய்யும் ஐஸ் கச்சாங்கில் தொடங்குங்கள். கதை என்றால் முதல் இரண்டு வரியை நீங்களே உரக்க வாசித்து, சிக்கலான இடத்தில் நிறுத்திவிடுங்கள். கடினமான சொல் ஒன்றிரண்டு இருந்தால் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடலாம், பட்டியல் போட வேண்டாம். கதைச் சுருக்கத்தை மட்டும் தயவுசெய்து முன்னாலேயே சொல்லாதீர்கள், அப்புறம் எதற்கு வாசிப்பது?

பீடிகை ஐந்து நிமிடமே போதும். பலகையில் எழுதியதை வாசித்து முடிக்கும்வரை அழிக்காமல் வையுங்கள். தப்பாக ஊகித்த பிள்ளையிடம், "எந்த வரியைப் படிச்சதும் மாத்திக்கிட்டே?" என்று கேட்டு, அந்த வரியில் விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பயிற்சிக் கேள்விகளுக்கு அதற்கப்புறம் போகலாம்.