கிறிஸ்தவராக வாழ உண்மையில் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும்?

மனைவி, இரண்டு பிள்ளைகள் சகிதம் குடும்பத்தோடு ஞானஸ்நானம் எடுக்க முடிவு செய்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சாதியை எழுதவில்லை. எங்களைப் போல் காலனித் தெருவில் பிறந்தவர் என்று வைத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

உறவினர்கள் ஒதுக்குவார்கள், பொங்கலுக்குப் படைத்ததைத் தொடலாமா கூடாதா என்று வீட்டில் சண்டை வரும். அதெல்லாம் உண்மைதான், ஆனால் ஓரிரு ஆண்டுகளில் பழகிவிடும். பழகாத ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

1991இல் ப்ளஸ் டூ முடித்தேன். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. நான் பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் எடுத்தவர். ஊர்த் தேநீர்க் கடையில் தனி டம்ளரில் குடித்துக்கொண்டிருந்த மனிதர், திருவிருந்தில் எல்லோரும் குடித்த அதே பாத்திரத்தில் வாய்வைத்துக் குடித்தார். அந்த நாளைப் பற்றிப் பேசும்போது சாகும்வரை அவர் குரல் தழுதழுக்கும். அதனால் அவருடைய விசுவாசத்தை யாரும் லேசாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது.

கிராம நிர்வாக அலுவலர் நல்ல மனிதர். என் பள்ளிச் சான்றிதழில், சேர்க்கும்போது தலைமை ஆசிரியர் வழக்கப்படி எழுதிய 'இந்து' அப்படியே இருந்தது. "இதை வைத்தே போட்டுக் கொடுக்கிறேன், பெண் படித்து மேலே வரட்டும்" என்றார். அப்பா என்னை வெளியே புங்கமரத்தடியில் போய் நிற்கச் சொன்னார். ஜன்னல் திறந்திருந்ததால் பேசியது காதில் விழுந்தது. "ஞாயிற்றுக்கிழமை ஆண்டவர் முன்னால் ஒன்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை உங்களிடம் வேறொன்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது ஐயா." அவ்வளவுதான். சான்றிதழ் வந்தது. கிறிஸ்தவர், பிற்படுத்தப்பட்டோர்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் எத்தனை தலைமுறை ஆனாலும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வருவார்கள். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துக்களைத் தவிர வேறு மதத்தவரைப் பட்டியல் சாதியாகக் கருத முடியாது என்றது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். நான் அந்த மரத்தடியில் நின்றது அதற்கு அடுத்த ஆண்டு. எங்களுக்கு இன்றுவரை கதவு திறக்கவில்லை.

அந்த ஆண்டு 14 மதிப்பெண்ணில் எனக்கு இடம் போனது. என்னைவிட 31 மதிப்பெண் குறைவாக வாங்கிய மாமன் மகளுக்கு இடம் கிடைத்தது. அவளும் எங்களோடு அதே ஆலயத்தில் அதே பாய் விரிப்பில் உட்கார்ந்தவள்தான், சான்றிதழில் மட்டும் இந்து. இன்று தலைமை ஆசிரியை. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தனியார் நர்சரிப் பள்ளிகளில் 11 ஆண்டுகள் சொற்பச் சம்பளத்துக்கு நின்ற என் கால்களுக்கு அந்த 14 மதிப்பெண் மறக்கவில்லை.

பிறகு ஒருமுறை, திருவிழாவில் என் தம்பியைச் சாதிப் பெயர் சொல்லி அடித்தார்கள். சான்றிதழைப் பார்த்துவிட்டு, பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் காக்கும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது என்று காவல் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். அடித்தவர்கள் யாரும் சான்றிதழைக் கேட்டுவிட்டு அடிக்கவில்லை.

இதைப் படித்ததும் "பார்த்தாயா, மதம் மாறியதுதான் தவறு" என்று எழுத வருவீர்கள். வேண்டாம். நான் அப்படிச் சொல்லவில்லை. "சலுகைக்காக அழுகிறவளுக்கு விசுவாசம் எதற்கு" என்று கேட்கப்போகிற சகோதரர்களுக்கும் சொல்கிறேன், நான் ஒரு ஞாயிறு ஆராதனையையும் தவறவிட்டவள் இல்லை. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்கா 14இல் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். அந்தச் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதுதான் என் கேள்வி. அப்பா மனசாட்சிக்குக் கட்டுப்பட்டார். அதற்கான பணத்தை நான் கட்டினேன். அவர் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பதும் இன்றுவரை ஆறாமல் இருக்கிறது.

2024 நவம்பரில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டே இந்துவென்று சான்றிதழ் கேட்ட புதுச்சேரிப் பெண்ணின் வழக்கில், அது அரசியல் சாசனத்தின் மீது செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பழி அப்பாவுக்கு வராமல் போனது என்று அன்று தோன்றியது. ஆனால் மூன்றாம் பத்தியையே எதிர்க்கும் வழக்கு 2004இல் தொடுக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றமும் எங்களைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. உண்மையை எழுதிக் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் என்று யாராவது சொல்ல வேண்டாமா?

கேட்டதற்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்த அன்று, ஐஸ் பெட்டியைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, சபைக் கணக்கர் சந்தா நோட்டோடு வந்தார். மூன்று ஆண்டு பாக்கி, 1,800 ரூபாய். கட்டினால்தான் அடக்க ஆராதனை. ரசீது எழுத வேறு இடமில்லாமல் அப்பாவின் முகத்துக்கு மேலே, அந்தக் கண்ணாடி மூடியின் மீதே நோட்டை வைத்து எழுதினார். ஈரத்தில் மை பரவியது. உண்மைக்காகப் பெண்ணின் படிப்பையே கொடுத்த மனிதரிடம் சபைக்கு வரவேண்டிய பாக்கி அதுதானா? அந்த ரசீது அப்பாவின் வேதாகமத்துக்குள் இருக்கிறது. கிழிக்க மனம் வரவில்லை.

ஞானஸ்நானம் எடுங்கள். தேதி குறிப்பதற்கு முன் பிள்ளைகள் இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, எந்தப் படிவத்தில் என்ன மாறும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும்போது அவர்களை வெளியே மரத்தடியில் நிறுத்தாமல் உள்ளே அழைத்துக்கொண்டு போங்கள்.