குடும்பத்துக்காக வேலையை மாற்றிக்கொண்டு ஊர்ப்பக்கம் திரும்பியதற்காக வருந்துகிறீர்களா?

குடும்பப் பொறுப்புக்காக நல்ல சம்பளத்தை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குப் பக்கத்தில் வேலை தேடிக்கொண்டவர்கள் இப்போது அந்த முடிவை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது கேள்வி. நான் சென்னையில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் ஏற்றுமதி ஆவணப் பிரிவில் இருந்தவன். 2024இல் அதிலிருந்து விலகித் தூத்துக்குடியில் அதே தொழிலில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்த சம்பளத்தில் சேர்ந்தேன். பெற்றோர் இருப்பது ஸ்ரீவைகுண்டத்தை அடுத்துள்ள ஒரு தாமிரபரணிக் கரைச் சிற்றூரில். சம்பளம் குறைந்தது அவ்வப்போது உறுத்துகிறது, முடிவு உறுத்தவில்லை. ஆனால் இதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது ஏன் என்பதுதான் இந்தப் பதில்.

சென்னையில் இருந்த காலத்தில் என் கடமை ஒழுங்காகவே நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மாதம் பிறந்ததும் அப்பாவின் கணக்குக்குப் பணம் போகும், ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேச்சு, பொங்கலுக்கு ஊர். அப்போது ரயில்வேயில் 120 நாள் முன்பதிவு நடைமுறையில் இருந்ததால் (2024 நவம்பரிலிருந்துதான் அது 60 நாளாகக் குறைந்தது) பொங்கல் பயணத்துக்கு செப்டம்பர் நடுவிலேயே காலை எட்டு மணிக்குக் கணினி முன் உட்கார வேண்டும். ஸ்ரீவைகுண்டத்தில் நிற்கும் என்பதால் எங்களுக்கு செந்தூர் எக்ஸ்பிரஸ்தான். போகிக்கு முந்தைய நாள் ஏறி, போகியன்று வீட்டில் இறங்கினால் பனையோலை வெட்டிக் காயவைத்துக் கட்டாக இருக்கும். அடுப்புக்கட்டிகளுக்குச் சுண்ணாம்பும் காவியும் பூசியிருக்கும். சிறுகிழங்கு தோலுரித்துத் தண்ணீரில் கிடக்கும். நான் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு, பானை பொங்கும்போது குலவையிடும் கூட்டத்தில் நின்றால் போதும். பிறகு கரும்பு, தூக்கம், காணும் பொங்கல், மறுபடியும் ரயில்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையைப் பற்றிப் பலரும் அறிந்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. நான் வழக்கமாக ஏறி இறங்கும் அதே செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ஏறத்தாழ 800 பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவே நின்றது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய், கம்பி மட்டும் அந்தரத்தில் தொங்கிய படத்தை எல்லாத் தொலைக்காட்சிகளும் காட்டின. மின்சாரமும் கைபேசிக் கோபுரங்களும் போய்விட்டதால் வீட்டிலிருந்து எந்தத் தகவலும் இல்லை. சென்னையோ அந்த மாதத் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயலிலிருந்தே இன்னும் முழுமையாக எழவில்லை.

கடைசியில் அப்பாவின் குரல் கேட்டது. எதிர்வீட்டு மாடியில் இருந்ததாகவும், மாடுகளை முன்கூட்டியே அவிழ்த்துவிட்டதாகவும் சொல்லிவிட்டு, "வாழை பூராம் போச்சு. சொசைட்டி லோன வேற கட்டணும், என்ன செய்யன்னு தெரியல" என்றார். அவர் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியிருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அம்மாவுக்குச் சர்க்கரையால் ஒரு கண்ணில் பார்வை மங்கியிருந்ததும் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. என்னிடம் மறைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் சொல்லக்கூடிய செய்திகளை மட்டும் சொன்னார்கள். தொலைவில் இருந்து பணம் அனுப்புகிறவனுக்கு வீட்டைப் பற்றித் தெரிவது, வீட்டார் தெரியவிடுகிற அளவுதான். விருந்தாளிக்கு எந்த வீட்டில்தான் அடுப்படியைக் காட்டுவார்கள்?

இதை முழுமையாக உணர்த்தியது அதற்கு அடுத்து வந்த பொங்கல்படி. எங்கள் பக்கத்தில் கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஆண்டுதோறும் பொங்கல்படி போக வேண்டும். மற்ற மாவட்டங்களில் பொங்கல் சீர் என்பார்கள். பச்சரிசி, மண்டைவெல்லம், தேங்காய், வாழைப்பழம், கிழங்கு வகைகள், இலையோடு கூடிய மஞ்சள் குலை, கட்டுக் கரும்பு, பனங்கிழங்கு ஆகியவை கட்டாயம். அப்பா இதைத் தம் அக்காளுக்கும் தங்கைக்கும் கொடுத்தார். என் அக்காவுக்கும் கொடுத்தார். அத்தைமார் இருவருக்கும் பேரன் பேத்திகள் வந்த பிறகும் அது நிற்கவில்லை. சிறுவனாக நானும் உடன் போயிருக்கிறேன். சைக்கிளின் நடுக்கம்பியோடு கரும்பைச் சேர்த்துக் கட்டினால் தோகை பின்சக்கரத்தில் சிக்கும். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவது என் வேலை. அத்தை வீட்டில் படியை இறக்கிவைத்ததும் அப்பா உடனே கிளம்ப மாட்டார். தண்ணீர் குடித்து, திண்ணையில் அமர்ந்து, மாமாவோடு வயலைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசிக்கொண்டே அத்தையின் முகத்தையும் வீட்டின் நிலையையும் பார்த்துக்கொள்வார். படி என்பது அதற்கான ஏற்பாடு என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது பிறந்த வீட்டு ஆண் ஒருவர், யாரும் காரணம் கேட்க முடியாதபடி, அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும்.

வெள்ளத்தில் அப்பாவின் முழங்கால் வலி கூடிவிட்டதால் 2024 பொங்கலுக்கு அவரால் போக முடியவில்லை. நான் ஜிபேயில் அக்காவுக்கு ஒரு தொகையை அனுப்பிவிட்டுத் தகவல் சொன்னேன். "துட்டு வந்துட்டு. பொங்கப்படி எப்ப வரும்லே?" என்றாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை. அந்த ஆண்டு அவள் வீட்டிலும் வெள்ளம் புகுந்திருந்தது. எங்கள் பக்கத்துச் சிறு நகரமான ஏரலின் கடைத்தெருவே நாசமாகிப் போயிருந்த நேரத்தில் கரும்பையும் மஞ்சள் குலையையும் தேடிப் பிடித்து, ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். மாடித்திண்டில் இன்னும் நெல் மூட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. மச்சானுக்கு அந்த ஆண்டு எவ்வளவு நட்டம் என்பதை அங்கே நின்ற பத்து நிமிடத்தில் நானே தெரிந்துகொண்டேன். தொலைபேசியில் கேட்டிருந்தால் "ஒண்ணும் இல்ல, சமாளிச்சிரலாம்" என்றிருப்பார்.

எங்கள் பகுதிக்கே உரிய சிறுவீட்டுப் பொங்கலும் இதே வகைதான். மார்கழி முழுவதும் வைகறையில் கோலத்தின் நடுவே சாணி உருண்டை வைத்து அதில் பூசணிப் பூவைச் செருகுவார்கள்; பிறகு அதை வரட்டியாகத் தட்டிச் சேர்த்துவைப்பார்கள். தை மாதத்தில் பெண் பிள்ளைகள் முற்றத்தில் மண்ணால் ஒரு சிறு வீடு கட்டி, அதன் வாசலில் பொங்கலிட்டு, வரட்டிகளை ஆற்றில் கொண்டுபோய் விடுவார்கள். அக்காவின் சிறு வீட்டுக்கு மண் சுமந்ததும், விடியுமுன் பூசணிப் பூவுக்காகப் பக்கத்துத் தோட்டங்களில் திரிந்ததும் எனக்கு இனிய நினைவுகள். ஆனால் அந்த ஒரு மாதமும் எல்லோருக்கும் முன்பே எழுந்து சாணி தெளித்துக் கோலமிட்ட அம்மா, இவற்றை நினைவு என்று குறிப்பிட்டதே இல்லை. அவருக்கு அது மார்கழி மாத வேலை. பண்டிகையின் இனிமையைப் பற்றி அதிகமாக எழுதுவோரில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்களாகவே இருப்பதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். நானும் சென்னையில் இருந்தபோதுதான் நிறைய எழுதினேன்.

இனி வேலை மாறுவதைப் பற்றி, உங்களுக்கு உதவக்கூடிய சில செய்திகள். கையில் வேறு வேலைக்கான கடிதம் இல்லாமல் விலகாதீர்கள்; பெற்றோருக்குத் துணையாக வருகிறவன் பெற்றோருக்குச் சுமையாக வந்து சேரக் கூடாது. நான் விலகியபோது நடப்பில் இருந்த 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்தாண்டுத் தொடர்பணி இருந்தால்தான் பணிக்கொடை கிடைக்கும். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில். எனக்கு அந்த ஐந்தாண்டு நிறையச் சில மாதங்களே இருந்ததால் அதுவரை இருந்துவிட்டுத்தான் விலகல் கடிதம் கொடுத்தேன். பி.எஃப். பணத்தை எடுத்துவிடாமல் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டேன், பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணிக்காலம் தேவை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மருத்துவக் காப்பீடு. நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்த்திருந்தால், பழைய நோய்களுக்கும் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே சிகிச்சைச் செலவு கிடைக்கும். வேலையை விட்டதும் அது போய்விடும். அவர்களுக்குத் தனியாகப் புதிய பாலிசி எடுத்தாலோ, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்றாண்டு வரை காத்திருக்க வேண்டி வரலாம். அம்மாவின் சர்க்கரையை மனத்தில் வைத்து, சம்பளத்தில் விட்டுக்கொடுத்தாலும் பெற்றோருக்கான காப்பீட்டில் விட்டுக்கொடுக்காமல் புதிய நிறுவனத்தில் பேசினேன். நேர்காணலில் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஊரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். வந்த புதிதில் டீக்கடையில் அப்பாவிடம், "மகன் வந்துட்டானாமே, கம்பெனியில சீட்டக் கிழிச்சிட்டாங்களோ?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா சில நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மகன் சென்னையில் இருக்கிறான் என்பது அவருக்கு ஊரில் ஒரு மதிப்பாக இருந்தது. என்னைக் கேட்காமலேயே அவர் அதை ஈட்டியிருந்தார், அவரைக் கேட்காமலேயே நான் அதைக் கலைத்தேன். அதனால்தான் சொல்கிறேன், "உங்களுக்காகத்தான் வந்தேன்" என்று பெற்றோரின் காதில் விழும்படி ஒருபோதும் பேசாதீர்கள். அது கேட்காதவர்கள் தலையில் ஏற்றுகிற கடன். தூத்துக்குடியில் வாய்ப்பு வந்தது, துறைமுகம் வளர்கிறது, அதனால் வந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அதில் பொய்யும் இல்லை.

இந்த முடிவின் உண்மையான விலையைக் கொடுத்தவர் என் மனைவி. சென்னையில் ஒரு பள்ளியில் நல்ல நிலையில் இருந்த ஆசிரியை. இங்கே குறைந்த ஊதியத்தில் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. எனவே நாங்கள் ஊரிலேயே குடியேறாமல் தூத்துக்குடியில் வாடகைக்கு இருக்கிறோம். ஒரு மணி நேரப் பயணம்தான். "ஒரே வீட்டுல ரெண்டு அடுப்படி ஆகாது, அங்கயே இருங்க" என்று முதலில் சொன்னவர் அம்மாதான். ஊர் திரும்புவதைப் பற்றி முடிவெடுக்கும் ஆண்கள் இந்த ஓர் உரையாடலை மட்டும் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்பது என் கணிப்பு.

இப்போது பொங்கலுக்கு நான் ஊரில் இருக்கிறேன் என்றாலும் முன்புபோல விடுமுறையில் இல்லை. கப்பலுக்குப் பொங்கல் கிடையாது. கப்பலுக்குச் சரக்கை ஒப்படைக்கும் கடைசி நேரமான கட்-ஆஃப் போகியன்று விழுந்தால், சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில்லைச் சரிபார்த்து, சுங்கத்துறையின் ஏற்றுமதி அனுமதி கிடைக்கும்வரை அலுவலகத்தில் இருந்துவிட்டு, இரவில்தான் வீட்டுக்குப் போக முடிகிறது. பனையேறுகிறவர் குறைந்துவிட்டதால் ஓலைக்குப் பொங்கலுக்கு வெகு முன்பாகவே சொல்லிவைக்க வேண்டும். பச்சையாக வெட்டிக் கொடுத்தால் வாசல் முழுவதும் புகைதான். அக்காவின் படி ஒரு நாள் முன்னதாகவே போய்விடுகிறது. சிறுகிழங்கு சிறுத்திருக்கிறது, கரும்பில் கணு அதிகம் என்று அவள் குறை சொல்லாத ஆண்டு இல்லை.

என் மகளுக்குச் சென்னையில்தான் கல்லூரி என்று அவளே இப்போதே முடிவு செய்து வைத்திருக்கிறாள். அந்த நேரம் வரும்போது மனைவியின் வேலையையும் சேர்த்து மறுபடியும் யோசிக்க வேண்டியிருக்கும். திரும்பிப் போவதையும் நாங்கள் மறுத்துவிடவில்லை. ஆனால் இந்த முறை அப்பாவிடம் முதலில் கேட்போம். சொசைட்டிக் கடன் எவ்வளவு பாக்கி என்பதையும் அப்போது அவரிடம் கேட்க வேண்டியிருக்காது. தவணைச் சீட்டுகள் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன.