சீலிங்குக்கு மேலே விட்ட குழாய்: வாசகர் கேள்வி-பதில்

மாரிக்கு முன் கூரை வேலை முடிக்க எல்லோரும் அவசரப்படும் காலம். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாத்ரூம் வென்ட் பைப், அதாவது கழிவுக் குழாயின் வாயுவைக் கூரைக்கு மேலே விடும் குழாய் பற்றியவை.

கே: புது வீடு. மேல்மாடியில் இரண்டு பாத்ரூம். சீலிங் அடித்த பிறகு படுக்கையறையில் ஒரே நாற்றம். ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு வென்ட் பைப்பும் கூரைக்குக் கீழேயே நிற்கின்றன. "காற்றுத்தானே, எங்கே போனால் என்ன" என்கிறார் வேலை செய்த மேசன் பாஸ். முழுக் காசும் கொடுத்தாயிற்று. (உவர்மலை)

ப: உங்களில் ஒரு பிழையும் இல்லை அம்மா. சீலிங் மூடினால் யாரும் பார்க்கப்போவதில்லை என்ற துணிவில் வேலையைப் பாதியில் விட்டிருக்கிறார். அதில் வருவது வெறும் காற்றல்ல. மலக்குழியில் உண்டாகும் மீதேன் தீப்பற்றும், ஐதரசன் சல்பைட்டு நஞ்சு. கூடவே வரும் ஈரம் கூரை மரத்தையும் பழுதாக்கும்.

இதற்காகக் கூரையில் இரண்டு துளை போடத் தேவையில்லை. இரண்டு பைப்பையும் சீலிங்குக்கு மேலே ஒன்றாக இணைத்து, ஒரே துளையால் வெளியே எடுக்கலாம். இணைப்பு, பேசின் விளிம்பைவிடக் குறைந்தது 6 அங்குலம் உயரத்தில் இருக்கவேண்டும். சீலிங்குக்கு மேல் என்பதால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் படுக்கையாக ஓடும் துண்டு, வந்த வழிக்கே சற்றுச் சரிந்திருக்கவேண்டும். உள்ளே படியும் ஈரம் இறங்கிப் போகவேண்டும் அல்லவா? நடுவில் தொய்ந்தால் தண்ணீர் தேங்கிக் காற்று அடைபடும். அதனால் கிளிப் போட்டு மரத்தில் இறுக்கச் சொல்லுங்கள். இணைந்த பிறகு பைப் சிறுக்கக் கூடாது. கூரைக்கு மேல் குறைந்தது 6 அங்குலம் நீட்டவேண்டும். 3 மீட்டருக்குள் ஜன்னல் இருந்தால் அதன் மேல்விளிம்பைவிட 900 மில்லிமீட்டர் உயரவேண்டும்.

இதைச் செய்துதரும்படி பாஸிடம் எழுத்தில் கேளுங்கள். பலகையைத் திரும்ப அடிக்கமுன் ஏறிப் பார்த்து, போனில் படம் எடுத்து வையுங்கள்.

கே: வென்டில் தண்ணீர் ஓடுவதில்லையே. மலிவான வயரிங் பைப்பைப் போட்டால் என்ன? (நிலாவெளி)

ப: போடாதீர்கள். வயர் ஓடுவதற்குச் செய்தது வயருக்கு மட்டும்.

கே: பிளம்பர் காட்டிய கடையில் 110 மில்லிமீட்டர் பைப் வாங்கினேன். கையால் அமத்தினாலே நெளிகிறது, ஒன்று வெடித்தும் விட்டது. விற்ற சாமான் திரும்ப எடுப்பதில்லையாம். பில்லில் "பைப் சாமான்" என்று எழுதி மொத்தத் தொகை மட்டும் போட்டிருக்கிறது. (கிண்ணியா)

ப: இந்த "பைப் சாமான்" பில்லைப் பல வருடமாகப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுக்கவே முடிவதில்லை. மூன்று நாள் கூலியைக் கொடுத்து ஒருவர் பொருள் வாங்குகிறார், என்ன வாங்கினார் என்று எழுத ஒரு வரி இல்லையா?

இலங்கையில் விற்கும் பி.வி.சி. பைப்பில் டைப் 400, 600, 1000 என்று வகை உண்டு. அது தாங்கும் அழுத்தத்தின் அளவு. ஒரே விட்டத்தில் எண் கூடினால் சுவரும் தடிக்கும், விலையும் ஏறும். பில்லில் வகை இல்லாவிட்டால், 600க்குக் காசு வாங்கிக்கொண்டு 400ஐக் கொடுத்தாலும் நீங்கள் எதைக் காட்டி வாதாடுவீர்கள்? தயாரித்தவர் பெயர், விட்டம், வகை, எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தரக் குறி எல்லாம் பைப்பிலேயே அச்சடித்திருக்கவேண்டும். அச்சே இல்லாத பைப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அச்சிலுள்ளதை அப்படியே பில்லில் எழுதச் சொல்லுங்கள். "பிளம்பருக்குத் தெரியும்" என்று கடைக்காரர் சொன்னால் இன்னும் கவனம் தேவை. ஆள் கூட்டி வந்ததற்குக் கொமிஷன் கொடுக்கும் கடைகள் உண்டு, அந்தக் காசும் உங்கள் பில்லில்தான் ஏறும்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆகவேண்டும். பொருள் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதிகார சபைக்கு முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்கவேண்டும். உவர்மலை வாசகிக்கும் இது பொருந்தும், சேவைக்கும் அதே சட்டம்தான். விவரம் கேட்க அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. வெடித்த துண்டை எறியாதீர்கள், மிச்சப் பைப்புக்குக் கம் பூசவும் வேண்டாம்.

கே: கூரையைத் துளைக்காமல் சீலிங்குக்குள்ளேயே காற்று வால்வு பூட்டலாம் என்று விற்கிறார்கள். நம்பலாமா? (மூதூர்)

ப: பாதி நம்பலாம். அந்த வால்வு காற்றை உள்ளே இழுக்கும். தண்ணீர் வேகமாக இறங்கும்போது நாற்றத்தைத் தடுக்கும் வளைவான ட்ராப்பில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சிப் போகாமல் காக்கும். ஆனால் குழியின் வாயுவை வெளியே விடாது. வீட்டுக்கு ஒரு திறந்த வென்டாவது கூரைக்கு மேலே போகவேண்டும். வால்வைக் கழற்றிப் பார்க்க ஒரு வாசலும் விடவேண்டும். இதையெல்லாம் சொல்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

கே: ஒன்லைனில் மலிவாக ஸ்டெயின்லெஸ் வென்ட் தொப்பி வாங்கினேன். கச்சான் காற்றுக் காலம் முடியமுன் துருப்பிடித்துவிட்டது. போன வருடமும் அவரிடம்தான் வாங்கினேன், அதுவும் இப்படித்தான். (பாலையூற்று)

ப: முதல் தொப்பி துருப்பிடித்த பிறகும் ஏன் தம்பி அதே ஆளிடம் போனீர்கள்? எந்தத் தர உருக்கு என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? எனக்கும் ஒரு கடையில் ஸ்டெயின்லெஸ் என்று சொல்லித்தான் வலை விற்றார்கள். வீட்டில் காந்தம் பிடித்துப் பார்த்தேன், நல்ல தரத்தில் லேசில் ஒட்டாதது பட்டென்று ஒட்டியது. ஒரு மாரியோடு பொடிந்தும் போனது. உண்மையான 304 தரத்துக்கே நம் கடற்காற்றில் பழுப்புப் புள்ளி விழும், அதைவிட உயர்ந்த 316 தரம் விலை கூட. எனவே பி.வி.சி. தொப்பியும் பைபர் வலையும் போதும். வலை இல்லாமல் விடவேண்டாம். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் நுளம்பு இந்த மலக்குழிகளிலும் பெருகுகிறது.

கே: அஸ்பெஸ்டஸ் சீற்றில் பைப் போன துளையால் ஒழுகுகிறது. எத்தனை தரம் சிலிக்கன் அடிப்பது? (சாம்பல்தீவு)

ப: சிலிக்கனுக்குச் செலவழிப்பதை நிறுத்துங்கள். வெயிலில் சீற்றும் பைப்பும் வெவ்வேறு அளவில் விரியும், அது பிரிந்துகொண்டே இருக்கும். பைப்பைச் சுற்றிப் பூட்டும் ரப்பர் கொலர் கேட்டு வாங்குங்கள். புதிதாகத் துளைப்பதென்றால் தண்ணீர் ஓடும் பள்ளத்தில் அல்ல, மேட்டில். கிரைண்டர் வேண்டவே வேண்டாம். சீற்றை நனைத்து, முகக்கவசம் போட்டு, கைவாளால் அறுக்கச் சொல்லுங்கள். அந்தத் தூசு நுரையீரலில் புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

கே: கூரைப் பீலியில் வரும் மழைத் தண்ணீரை வென்ட் பைப்புக்குள் விட்டால் ஒரு பைப் மிச்சம்தானே? (தம்பலகாமம்)

ப: முதல் பெருமழைக்கே குழி நிரம்பி முற்றத்துக்கு வரும். வேண்டாம்.