பழைய விண்டோஸ், பாதியில் நிற்கும் பென்டிரைவ்: தவறு யாருடையது?

கேள்வி: என்னிடம் ஒரு பழைய ஃபிலிம் ஸ்கேனர் இருக்கிறது. அதன் மென்பொருள் விண்டோஸ் 7-இல் மட்டும்தான் ஒழுங்காக ஓடும். பழைய கம்ப்யூட்டர் செத்துவிட்டதால், செகண்ட் ஹேண்டில் ஐ5-6500 பிராசஸர் உள்ள டெஸ்க்டாப் வாங்கினேன். "விண்டோஸ் 7 தாராளமாகப் போடலாம்" என்று விற்றவர் சொன்னார். பென்டிரைவில் பூட் ஆகிறது, மொழி கேட்கும் திரை வரைக்கும் வருகிறது. அதோடு சரி. கீபோர்டும் வேலை செய்யவில்லை, மவுசும் நகரவில்லை. விற்ற இடத்தில் கேட்டேன், பென்டிரைவ் கோளாறு என்றார்கள், புதிது வாங்கினேன். இப்போது கீபோர்டை மாற்றச் சொல்கிறார்கள். கம்ப்யூட்டரையே திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: முதலில், இதற்காக இனி எதையும் காசு கொடுத்து வாங்காதீர்கள். மொழி கேட்கும் திரை வந்துவிட்டது என்றாலே பென்டிரைவ் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம். கீபோர்டும் நன்றாகத்தான் இருக்கும். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் மதர்போர்டு காட்டும் அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள், அங்கே அதே கீபோர்டு ஒழுங்காக வேலை செய்யும்.

அங்கே செய்கிறது, இங்கே ஏன் செய்யவில்லை? பயாஸில் இருக்கும்வரை கீபோர்டையும் பென்டிரைவையும் கவனித்துக்கொள்வது மதர்போர்டு. விண்டோஸை நிறுவும் மென்பொருள், அதாவது நிறுவி, ஓடத் தொடங்கியதும் அந்தப் பொறுப்பு அதன் கைக்குப் போகிறது. விண்டோஸ் 7 வெளிவந்தது 2009 அக்டோபரில். யுஎஸ்பி 3 போர்ட்டுகள் அப்போது பரவலாகவில்லை, அதற்கான டிரைவரும் (ஒரு சாதனத்தை விண்டோஸ் இயக்க உதவும் சிறு மென்பொருள்) அந்த நிறுவியில் இல்லை. 2015-இல் 6-வது தலைமுறை பிராசஸர்களோடு வந்த சிப்செட்டுகளில் (மதர்போர்டின் முக்கியச் சில்லுகள்) பழைய யுஎஸ்பி 2 கன்ட்ரோலரையே (போர்ட்டுகளை இயக்கும் பகுதி) இன்டெல் எடுத்துவிட்டது. பெட்டியின் பின்னால் கருப்பு நிறத்தில் யுஎஸ்பி 2 போர்ட் தெரிந்தாலும், உள்ளே அதை இயக்குவது யுஎஸ்பி 3 கன்ட்ரோலர்தான். அதனால் உங்கள் கம்ப்யூட்டரில் எந்த போர்ட்டில் மாற்றிச் செருகினாலும் கதை ஒன்றுதான்.

இதே கோளாறு இன்னொரு முகத்தோடும் வரும். 'சிடி அல்லது டிவிடி டிரைவுக்கான டிரைவர் இல்லை' என்று நிறுவி சொல்லும். சிடியே இல்லாத கம்ப்யூட்டரில் இதைப் பார்த்துக் குழம்பிப் போகிறவர்கள் நிறையப் பேர். நிறுவிக்குத் தான் வந்த பென்டிரைவே கண்ணுக்குத் தெரியவில்லை, அதைத்தான் அப்படிச் சொல்கிறது. 4-வது தலைமுறை அல்லது அதற்கு முந்தைய கம்ப்யூட்டர் என்றால் இதற்கு எளிய வழி உண்டு: பென்டிரைவை நீல நிற போர்ட்டிலிருந்து பிடுங்கி கருப்பு போர்ட்டில் செருகி, அந்தச் செய்தியை ரத்து செய்துவிட்டு மறுபடி நிறுவச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதிலேயே ஓடிவிடும்.

உங்களுக்கு அந்த வழி கிடையாது. இரண்டு வழிகள் இருக்கின்றன. மதர்போர்டின் பின்னால் ஊதா நிறத்தில், அல்லது பாதி ஊதா பாதி பச்சை நிறத்தில் வட்டமான பிஎஸ்2 போர்ட் இருந்தால், பழைய பிஎஸ்2 கீபோர்டு ஒன்றை இரவல் வாங்கிச் செருகுங்கள், அது வேலை செய்யும். கூடவே சாட்டா கேபிளில் (வட்டுகளை மதர்போர்டோடு இணைக்கும் கேபிள்) இணைத்த டிவிடி டிரைவிலிருந்து நிறுவினால் யுஎஸ்பியின் தயவே தேவையில்லை. அப்புறம் டிரைவர்களை டிவிடியில் எழுதிக் கொண்டுவந்து போட்டுக்கொள்ளலாம்.

அது முடியாதென்றால், யுஎஸ்பி 3 டிரைவரை நிறுவிக்குள்ளேயே சேர்க்க வேண்டும். கிகாபைட், ஏஎஸ்ராக், எம்எஸ்ஐ, ஏசூஸ் ஆகிய மதர்போர்டு நிறுவனங்கள் இதற்கென்றே சிறு மென்பொருள்களை வெளியிட்டன. உங்கள் மாடலின் ஆதரவுப் பக்கத்தில் தேடுங்கள். கையால் செய்பவர்கள் விண்டோஸின் 'டிஸ்ம்' கட்டளையைப் பயன்படுத்துவார்கள். அதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. பென்டிரைவில் 'பூட்' என்றும் 'இன்ஸ்டால்' என்றும் இரண்டு விம் கோப்புகள் (விண்டோஸின் கோப்புகளைச் சுருக்கி வைத்த தொகுப்புகள்) இருக்கும். முதலாவது நிறுவும் திரைக்கு, மற்றது கம்ப்யூட்டரின் வட்டில் போய் உட்காரப்போகும் விண்டோஸுக்கு. முதலாவதில் மட்டும் டிரைவரைச் சேர்த்தால் நிறுவுதல் அழகாக முடியும், பிறகு பயனர் பெயர் கேட்கும் இடத்தில் கீபோர்டு மறுபடியும் செத்துவிடும். இரண்டிலும் சேர்க்க வேண்டும்.

சரி, திருப்பிக் கொடுக்கலாமா? 6-வது தலைமுறை என்பது மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 7-க்கு ஆதரவு தந்த கடைசி இன்டெல் தலைமுறை. கிராஃபிக்ஸ், சிப்செட் டிரைவர்கள் எல்லாமே இருக்கின்றன. ஆகவே கம்ப்யூட்டரில் குறையில்லை. ஆனால் "தாராளமாகப் போடலாம்" என்று சொல்லி விற்றவருக்கு அதைப் போட்டுக் காட்டும் கடமை உண்டு. நான் உங்கள் இடத்தில் இருந்தால், "நீங்களே நிறுவி, கீபோர்டும் நெட்வொர்க்கும் வேலை செய்வதைக் காட்டிக் கொடுங்கள்" என்று எழுத்தில் கேட்பேன். செய்து தந்தால் வைத்துக்கொள்ளுங்கள், நல்ல கம்ப்யூட்டர்தான். கை விரித்தால், திருப்பும் கெடு முடிவதற்குள் பணத்தைக் கேளுங்கள். சொன்ன பயன்பாட்டுக்கு உதவாத பொருள் என்பது நியாயமான காரணம். பென்டிரைவுக்குச் செலவழித்ததையும் சேர்த்துக் கேளுங்கள், அதை வாங்கவைத்தது அவர்களுடைய தவறான யோசனை.

கேள்வி: புது லேப்டாப்பில் விண்டோஸ் 7 போட முயல்கிறேன். பூட் மெனுவில் பென்டிரைவ் பெயரே வரவில்லை. எதையோ மாற்றி வரவைத்தால், விண்டோஸ் லோகோ வரும் இடத்தில் அப்படியே உறைந்துவிடுகிறது. பென்டிரைவை எப்படித் தயாரிக்க வேண்டும்?

பதில்: ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் டிவிடியின் முழு நகல்) பென்டிரைவில் அப்படியே காப்பி செய்தால் பூட் ஆகாது, ரூஃபஸ் போன்ற மென்பொருளால் எழுத வேண்டும். எழுதும்போது எம்பிஆர் (பழைய வட்டுப் பிரிப்பு முறை), பயாஸ் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 7-இன் பூட் கோப்புகளுக்கு செக்யூர் பூட் (கையொப்பமில்லாத பூட் கோப்புகளைத் தடுக்கும் பாதுகாப்பு) ஏற்கும் கையொப்பம் இல்லாததால், பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்து, பழைய பயாஸைப் போல நடந்துகொள்ள வைக்கும் சிஎஸ்எம் அல்லது லெகசி என்ற வசதியை இயக்க வேண்டும்.

இதைத் தொடுவதற்கு முன் ஒரு விஷயம். உங்கள் லேப்டாப்பில் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் பிட்லாக்கரால் (வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் வசதி) பூட்டப்பட்டிருந்தால், செக்யூர் பூட்டை மாற்றியதும் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் கையில் இல்லையென்றால் உங்கள் கோப்புகள் உங்களுக்கே கிடைக்காது. முதலில் அதை எழுதி வைத்துக்கொண்டு, கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுங்கள்.

லோகோவில் உறைவதற்கு வருவோம். திரையில் படம் காட்டுவதற்கு விண்டோஸ் 7 பழைய பயாஸின் வீடியோ சேவையை எதிர்பார்க்கிறது. சிஎஸ்எம் இல்லாத யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) கம்ப்யூட்டரில் அந்தச் சேவை கிடையாது. அண்மைக்கால லேப்டாப்புகள் பெரும்பாலானவற்றில் சிஎஸ்எம் என்ற தேர்வே இல்லை. உங்களுடையதிலும் இல்லையென்றால் முயற்சியை நிறுத்திவிடுங்கள். எப்படியோ ஏற்றிவிட்டாலும் வைஃபைக்கும் கிராஃபிக்ஸுக்கும் டிரைவர் கிடைக்காமல் அல்லாடுவீர்கள். இருக்கிற விண்டோஸிலேயே விர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரைப் போல ஓடும் மென்பொருள்) நிறுவி, அதற்குள் விண்டோஸ் 7-ஐ ஓட்டுவதே உங்களுக்கு ஏற்ற வழி.

கேள்வி: "விண்டோஸ் 7 ரெடிமேட் பூட் பென்டிரைவ், ஆக்டிவேஷனோடு" என்று இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அதற்குள் யார் எதைச் சேர்த்தார்கள் என்று உங்களால் சோதிக்க முடியாது. ஆக்டிவேஷனும் பெரும்பாலும் திருட்டுத்தனமான மென்பொருளால் செய்ததாக இருக்கும். செத்துப்போன பழைய கம்ப்யூட்டரில் ஒட்டியிருக்கும் உரிம ஸ்டிக்கரை நம்பியும் இருந்துவிடாதீர்கள். பிராண்டட் கம்ப்யூட்டரோடு வந்த ஓஇஎம் உரிமம் அந்தக் கம்ப்யூட்டருக்கே உரியது, வேறொன்றுக்கு மாற்ற விதி இடம் தராது. தனியாகக் கடையில் வாங்கிய ரீட்டெயில் உரிமம் என்றால் மாற்றலாம்.

கேள்வி: என்னுடைய அளவீட்டுக் கருவியின் மென்பொருள் எக்ஸ்பியில்தான் ஓடும். நிறுவும்போது நீலத்திரை வந்து, 7பி என்று முடியும் பிழை எண் காட்டுகிறது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா?

பதில்: இல்லை, டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எக்ஸ்பி பூட் செய்ய வேண்டிய வட்டை அணுக முடியவில்லை என்பதுதான் அந்த எண்ணின் பொருள். எக்ஸ்பி 2001-இல் வந்தது. இன்றைய சாட்டா வட்டுகள் இயங்கும் ஏஹெச்சிஐ முறைக்கான டிரைவர் அதில் இல்லை. பயாஸில் சாட்டா என்ற இடத்தில் ஐடிஇ அல்லது கம்பாட்டிபிளிட்டி என்று மாற்ற முடிந்தால் நீலத்திரை போய்விடும். புதிய மதர்போர்டுகளில் அந்தத் தேர்வு இருக்காது. தவிர, எக்ஸ்பியின் நிறுவி சிடிக்காக எழுதப்பட்டது. பென்டிரைவிலிருந்து அதை ஏற்றுவது தனி மென்பொருள்களின் துணையோடு சுற்றி வளைத்துச் செய்யும் வேலை, சிடி டிரைவ் இருந்தால் சிடியையே பயன்படுத்துங்கள். கருவி யுஎஸ்பியில் இணைவது என்றால் விர்ச்சுவல்பாக்ஸில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். கம்ப்யூட்டருக்குள் கார்டாகச் செருகும் கருவி என்றால் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரேதான் வேண்டும்.

கேள்வி: விண்டோஸ் 7-க்காகவே ஒரு பழைய டெஸ்க்டாப் வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பிராசஸர் பெயரில் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-4570 என்றால் 4-வது தலைமுறை, ஐ5-6500 என்றால் 6, ஐ5-10400 என்றால் 10. 4-வது தலைமுறையை வாங்கினால் மேலே சொன்ன யுஎஸ்பி தொல்லை பெரும்பாலும் இல்லை. 6 என்றால் டிரைவர் சேர்க்கும் வேலை இருக்கும். 7 அல்லது அதற்கு மேல் என்றால் வாங்காதீர்கள். வட்டு சாட்டா எஸ்எஸ்டியாக இருக்கட்டும். என்விஎம்இ என்ற புதிய வகை எஸ்எஸ்டியைப் பழைய நிறுவிக்கு அடையாளம் தெரியாது, கேபி2990941 என்ற திருத்தத்தைத் தனியே சேர்க்க வேண்டியிருக்கும்.

வட்டில் ஏற்கெனவே விண்டோஸ் 10 இருந்தால் அது ஜிபிடி என்ற புதிய வட்டுப் பிரிப்பு அமைப்பில் இருக்கக்கூடும். லெகசி முறையில் பூட் ஆன நிறுவி அதைப் பார்த்ததும் "இந்த வட்டில் நிறுவ முடியாது" என்று சொல்லும். வட்டு கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தி, டிஸ்க்பார்ட் என்ற கட்டளையால் வட்டை முழுதாகத் துடைத்தால் சரியாகிவிடும். துடைப்பதற்கு முன் வட்டின் அளவைப் பார்த்து, அது நீங்கள் நினைக்கும் வட்டுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். போன தகவல் திரும்பாது. முதல் முறை ரீஸ்டார்ட் ஆகும்போது பென்டிரைவைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் நிறுவுதல் மறுபடி முதலிலிருந்தே தொடங்கக்கூடும்.

விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்துவிட்டது, குரோமும் 109-வது பதிப்போடு நின்றுவிட்டது. அதனால் இந்தக் கம்ப்யூட்டரில் வங்கி வேலை, மின்னஞ்சல் எதுவும் வேண்டாம், கருவிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விற்பவரிடம் பணம் கொடுப்பதற்கு முன், அந்த மாடலின் விண்டோஸ் 7 நெட்வொர்க் டிரைவரை இன்னொரு பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் நிறுவி முடித்தால், மற்ற டிரைவர்களை இறக்குவதற்கு அந்தக் கம்ப்யூட்டரில் இணையமே இருக்காது.