மாதக் கடைசி வந்தாலே நெஞ்சு இறுக்குகிறது, வேலையை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. பி.எஸ்ஸி. விலங்கியல் படித்துவிட்டு தஞ்சாவூரில் மெடிக்கல் ரெப்பாக இருக்கிறேன். முதல் கம்பெனியில் மூன்று வருடம், இந்தக் கம்பெனியில் ஆறு வருடம் இரண்டு மாதம். ஆரம்பத்தில் விரும்பித்தான் செய்தேன். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிறு எரியத் தொடங்கிவிடுகிறது. 25ஆம் தேதிக்கு மேல் தூக்கம் இல்லை, நெஞ்சு இறுக்குகிறது. டார்கெட்டுக்காக ஸ்டாக்கிஸ்டிடம், அதாவது எங்கள் மருந்தை மொத்தமாக வாங்கிக் கடைகளுக்குக் கொடுப்பவரிடம், கெஞ்சி பில் போட வைக்கிறேன், அடுத்த மாதம் அது ரிட்டர்ன் வருகிறது. மேனேஜர் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோர் முன்னாலும் கேட்கிறார். டாக்டர் அறைக்கு வெளியே நிற்கும்போது, இவரைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது. வீட்டுக் கடன் தவணை 14,500 ரூபாய். மகள் இரண்டாம் வகுப்பு. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, அவளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. விற்பனை எனக்கு ஒத்துவராத துறையோ? வேறு வேலைக்கு மாறலாமா?

பதில்: முதலில் அந்த நெஞ்சு இறுக்கத்தைப் பார்ப்போம். வேலை, சம்பளம், ராஜினாமா எல்லாம் அப்புறம்.

தினமும் எத்தனையோ டாக்டர்களைப் பார்க்கிறீர்கள். யாராவது ஒருவர் முன்னால் நோயாளியாக உட்கார்ந்திருக்கிறீர்களா? என்னிடம் ஆலோசனைக்கு வரும் ரெப்புகளிடம் இதைக் கேட்பேன். பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். தெரிந்த டாக்டரிடம் போனால் விஷயம் வெளியே போய்விடுமோ, நாளைக்கு அவர் முன்னால் நின்று எப்படி மருந்தைப் பற்றிப் பேசுவது என்ற தயக்கம். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. அதனால் உங்கள் டாக்டர் லிஸ்ட்டில் இல்லாத ஒருவரிடம் போங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, ஈசிஜி பார்க்கச் சொல்லுங்கள். இந்த வாரமே போங்கள். இறுக்கம் கைக்கோ தாடைக்கோ பரவினாலும், வியர்த்துக் கொட்டினாலும், மூச்சு வாங்கினாலும் 'டென்ஷன்தான்' என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. வயிற்று எரிச்சலுக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று என்று பையில் இருக்கும் சாம்பிளை எடுத்துப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். தூக்க மாத்திரையை ஏற்கெனவே பல வாரம் எடுத்திருந்தால் மட்டும், சட்டென்று விடாமல் அந்த டாக்டரிடம் சொல்லிக் குறையுங்கள். இந்தத் தொழிலில் நல்ல நல்ல ஆட்கள் இந்த வழியில் சிக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. விற்பனை உங்களுக்கு ஒத்துவராத துறை என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்பது வருடம் இரண்டு கம்பெனிகளில் தாக்குப்பிடித்தவர் நீங்கள். ஆனால் களைத்துப்போயிருக்கிறீர்கள், அதில் சந்தேகமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தனது நோய் வகைப்பாட்டில் 'பர்ன் அவுட்' நிலையை விவரித்தது. அதை ஒரு நோயாகச் சேர்க்காமல், சமாளிக்கப்படாத நாள்பட்ட வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்று வைத்தது. அதற்கு மூன்று முகங்கள்: சக்தி வற்றிப்போவது, வேலை மேல் பற்று விட்டுப்போய் கசப்பு வருவது, நாம் செய்வது எதற்கும் உதவவில்லை என்று தோன்றுவது. தூக்கம் போனது முதலாவது. 'இவரைப் பார்த்து என்ன ஆகப்போகிறது' என்ற உங்கள் ஒரு வரியிலேயே மற்ற இரண்டும் இருக்கின்றன.

இது ஏன் வந்தது என்பதில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ராபர்ட் காரசெக் என்ற ஆய்வாளர் 1979இல் ஒரு விளக்கம் சொன்னார். வேலைப்பளு அதிகமாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்ற முடிவு நம் கையில் குறைவாக இருந்தால், அந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் ஆள் நொறுங்குவார். உங்கள் மாதத்தை இதன்படி பாருங்கள். முதல் இருபது நாள் வெயிலில் அலைகிறீர்கள், காத்திருக்கிறீர்கள், பேசுகிறீர்கள். கஷ்டம்தான், ஆனாலும் யாரிடம் எப்போது போவது, என்ன சொல்வது என்பது ஓரளவு உங்கள் கையில் இருக்கிறது. கடைசி ஐந்து நாளில் நடப்பது வேறு. கம்பெனி கணக்கில் ஏறுவது பிரைமரி, அதாவது ஸ்டாக்கிஸ்டுக்குப் போகும் பில். டாக்டர் எழுதி, மருந்துக்கடை வாங்கி, செகண்டரி, அதாவது ஸ்டாக்கிஸ்டிடமிருந்து கடைக்குப் போகும் விற்பனை, நகர்ந்தால்தான் ஸ்டாக்கிஸ்டுக்கு அடுத்த பில் தேவைப்படும். அது நகராதபோது அவர் குடோனில் சரக்கைத் தள்ளச் சொன்னால், உங்கள் திறமைக்கு அங்கே வேலையே இல்லை. கெஞ்சல் மட்டும்தான் மிச்சம். அப்புறம் ரிட்டர்ன் வந்து அடுத்த மாதக் கணக்கைக் கீழே இழுக்கிறது. போன மாதக் குழியை மூட இந்த மாதம் இன்னொரு குழி தோண்டுகிறீர்கள். எத்தனை தூரம் தோண்டினாலும் இது மேலே வராது.

நானும் ஆறு வருடம் அந்தப் பையைத் தூக்கியவன். ஒரு மார்ச் 30ஆம் தேதி ராத்திரி, இயர் எண்ட் நெருக்கடியில், கோபத்தில் ராஜினாமா மெயில் அனுப்பினேன். கையில் இரண்டு மாதச் செலவுக்குத்தான் பணம் இருந்தது. அது தீர்ந்ததும் கிடைத்த முதல் வேலையில் சேர்ந்தேன். அதுவும் டார்கெட் வேலை, சம்பளம் முன்னதைவிடக் குறைவு. வேலையை விட்டது தப்பில்லை, விட்ட நாள்தான் தப்பு. அதனால் உங்களிடம் ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேட்கிறேன்: 25ஆம் தேதிக்கும் 5ஆம் தேதிக்கும் நடுவில் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

அதற்குப் பதிலாக ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். இரண்டு மாதக் குளோசிங், அதாவது மாதக் கடைசிக் கணக்கு, முடியும்வரை, ராத்திரி இரண்டே வரி எழுதுங்கள். இன்று எது உடம்பை இறுக்கியது, எது கொஞ்சமாவது மனசுக்கு நன்றாக இருந்தது, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். இரண்டு மாதம் கழித்துப் படித்தால் ஒரு வடிவம் தெரியும். இறுக்கமெல்லாம் மாதக் கடைசியிலும் அந்த மேனேஜர் பெயரைச் சுற்றியும் இருந்தால், மாற வேண்டியது கம்பெனி அல்லது பொறுப்பு. டாக்டர் அறை வாசலில் நிற்பதே, புது ஆளிடம் பேசத் தொடங்குவதே மாதம் முழுக்க வலித்தால், துறையை விட்டு வெளியே வருவதைப் பற்றி யோசிக்கலாம். வேலையில்லாத நாளிலும் எதிலும் பிடிப்பில்லை, மகளோடு விளையாடக்கூடத் தோன்றவில்லை என்றால், வேலை மாற்றத்துக்கு முன்னால் மனநல சிகிச்சை தேவைப்படும். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். 'இருந்து என்ன பயன்' என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் நோட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பேசுங்கள்.

இந்த இரண்டு மாதத்தைச் சும்மா சகித்துக்கொண்டு ஓட்டவும் வேண்டாம். மேனேஜரிடம் 7ஆம் தேதி வாக்கில், தனியாக, கணக்கோடு பேசுங்கள். "சார், இந்த ஸ்டாக்கிஸ்டுக்கு மூணு மாச செகண்டரி சராசரி இவ்வளவு. குளோசிங் ஸ்டாக் இவ்வளவு கிடக்கு. இதுக்கு மேல பிரைமரி போட்டா அடுத்த மாசம் ரிட்டர்ன்தான் வரும். செகண்டரியை ஏத்த இந்த நாலு டாக்டர்கிட்ட என்கூட சேர்ந்து ஜாயின்ட் வொர்க் வாங்க." இதையே அன்று மாலை சுருக்கமாக மெயிலிலும் போடுங்கள். குரூப்பில் கேட்பதைத் தனியாகக் கேட்கும்படி அதே பேச்சில் மரியாதையாகச் சொல்லலாம். சிலர் மாறுவார்கள், சிலர் மாறமாட்டார்கள். எப்படியானாலும் முடிவெடுக்க உங்களுக்கு ஒரு தகவல் கிடைத்துவிடும்.

விடுப்பு எடுங்கள். விற்பனை மேம்பாட்டுப் பணியாளர்களுக்கென்று 1976இலேயே தனிச் சட்டம் வந்தது. வேலை பார்த்த காலத்தில் பதினோரில் ஒரு பங்கு சம்பளத்தோடு ஈட்டிய விடுப்பு என்று அது வகுத்தது. அந்தச் சட்டம் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆனாலும் விடுப்பு மேனேஜர் போடும் பிச்சை இல்லை என்பதை நீங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் கணக்கில் எத்தனை நாள் இருக்கிறது என்று ஹெச்.ஆரிடம் கேட்டு, மாத நடுவில் ஐந்து நாள் சேர்த்து எடுங்கள்.

மாறுவதென்றால் எங்கே? விற்பனை பிடித்து, மாதக் கடைசி மட்டும் பிடிக்கவில்லை என்றால், தனியார் மருத்துவமனைகளின் கொள்முதல் பிரிவு, மருத்துவக் கருவிக் கம்பெனிகளில் கருவியைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கும் வேலை, மருந்துக் கம்பெனிகளின் பயிற்சிப் பிரிவு ஆகியவற்றைப் பாருங்கள். மருந்துகளின் பக்க விளைவுகளைப் பதிவு செய்யும் பார்மகோவிஜிலன்ஸ் வேலைக்கு உயிரியல் பட்டதாரிகளை எடுப்பதுண்டு. ஆனால் ஆங்கிலத்தில் எழுத வேண்டும், சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டியிருக்கலாம், தொடக்கச் சம்பளம் குறையும். ஆசிரியர் வேலை என்றால் பி.எட். இரண்டு வருடம். அந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்று சொல்ல உங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறார். கமிஷனை மட்டும் நம்பும் இன்சூரன்ஸ், மனை விற்பனைப் பக்கம் இந்த நிலையில் போகாதீர்கள். இதே வலி, மாதச் சம்பளம் என்ற பிடிமானம்கூட இல்லாமல் வரும்.

நண்பர்கள் சொல்லப்போகும் இன்னொரு யோசனை, "சொந்தமா ஏஜென்சி எடுத்துடு." மருந்து மொத்த வியாபார உரிமத்துக்குப் பதிவு பெற்ற பார்மசிஸ்ட்தான் வேண்டும் என்றில்லை. மருந்து வியாபாரத்தில் ஒரு வருட அனுபவமுள்ள பட்டதாரியும் பொறுப்பாளராக இருக்கலாம். ரெப் அனுபவத்தை அதற்கு ஏற்பார்களா என்பதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உரிமம் பெரிய தடையாக இருக்காது. கடைக்காரர்களிடம் கடனாகப் போய் நிற்கும் பணம்தான் ஆளைச் சாய்க்கும். 14,500 தவணை ஓடும்போது, சேமிப்பில்லாமல், களைத்த உடம்போடு இதில் இறங்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு வருடம் கழித்து, தயாராகிச் செய்தால் அது வேறு.

பணக் கணக்கில் நீங்கள் கவனிக்க வேண்டிய தேதிகள் இரண்டு உண்டு. பி.எஃப். பென்ஷனுக்குப் பத்து வருடச் சேவை வேண்டும், ஒன்பதரை வருடமானால் அதைப் பத்தாக எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கு இப்போது ஒன்பது வருடம் இரண்டு மாதம். பழைய கம்பெனிக் கணக்கு இதே யு.ஏ.என். என்ற பி.எஃப். உறுப்பினர் எண்ணுக்கு மாற்றப்பட்டிருக்கிறதா, பாஸ்புக்கில் பென்ஷன் பங்களிப்பு என்ற பத்தியில் மாதாமாதம் தொகை ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஏறியிருந்தால், வேலை மாறும்போது ஆத்திர அவசரத்துக்கு அதை எடுத்துவிடாமல் புது வேலைக்கு மாற்றுங்கள், சேவைக் காலம் தொடரும். அடுத்தது கிராஜுவிட்டி. ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் உங்களுக்கு அது உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 18,000 என்றால், அதை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, வருடத்தால் பெருக்க வேண்டும். ஆறு வருடத்துக்குச் சுமார் 62,300 வரும். ஆறு வருடம் ஆறு மாதத்தைத் தாண்டினால் ஏழு வருடமாகக் கணக்கிடுவார்கள், சுமார் 72,700. ஆக, இன்னும் ஐந்து மாதம் இருந்தால் இரண்டு கோட்டையும் தாண்டிவிடுவீர்கள். உடம்பு இடம் கொடுத்தால் மட்டும் இருங்கள். பத்தாயிரம் ரூபாய்க்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேலையை விட்டால் கம்பெனியின் மருத்துவக் காப்பீடும் போய்விடும். அதனால் குடும்பத்துக்கு ஒரு பாலிசியை முன்கூட்டியே எடுங்கள். புதுப் பாலிசியில் முதல் 30 நாள் விபத்துக்கு மட்டும்தான் பணம் கிடைக்கும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். இப்போது ரத்த அழுத்தம் இருப்பதாகத் தெரிந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும், டி.ஏ. என்ற தினப்படியில் மிச்சம் பிடித்தும், இன்சென்டிவை நம்பியும் பல வீடுகள் ஓடுகின்றன. வேறு வேலையில் இரண்டும் இருக்காது. நீங்கள் நினைக்கும் வேலையில் கையில் என்ன சம்பளம் வரும் என்று விசாரியுங்கள். அடுத்த மூன்று மாதம் அந்தத் தொகையில் மட்டும் குடும்பத்தை நடத்திப் பாருங்கள், மீதியைத் தனிக் கணக்கில் போடுங்கள். முடிந்தால், பயம் பாதி போய்விடும், சேமிப்பும் சேரும். முடியாவிட்டால், எவ்வளவு இடிக்கிறது என்பது ரூபாய்க் கணக்கில் தெரிந்துவிடும்.

இதை மனைவிக்குத் தெரியாமல் செய்ய முடியாது. ஞாயிறு சாயங்காலம் நீங்கள் சாப்பாட்டைத் தள்ளி வைப்பதை அவர் கவனிக்காமலா இருப்பார்? காரணம் தெரியாமல் தன் மேல்தான் ஏதோ வருத்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். ஒரு மாத நடுவில், மகள் தூங்கிய பிறகு, முடிவைச் சொல்லாமல் நிலைமையை மட்டும் சொல்லுங்கள். அந்த நோட்டை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னாலும் போதும்.

கடைசியில் விடுவதாகவே முடிவானால், புது வேலையின் ஆணை கையில் வந்த பிறகு, மாத முதல் வாரத்தில், நிலுவை இன்சென்டிவும் செலவுக் கணக்கும் வங்கியில் ஏறியதைப் பார்த்துவிட்டு கடிதம் கொடுங்கள். நோட்டீஸ் காலத்தில் ஒவ்வொரு ஸ்டாக்கிஸ்டிடமும் குளோசிங் ஸ்டாக், ரிட்டர்ன், பாக்கி மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கி மேனேஜருக்கு மெயில் செய்யுங்கள். சாம்பிள், கம்பெனி கொடுத்த டேப்லெட் கணினி ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள். போன ரெப் கணக்கில் இவ்வளவு பாக்கி என்று பின்னால் யாராவது கிளப்பினால், பேச அந்தக் காகிதங்கள் வேண்டும்.