சோஷியல் செக்யூரிட்டியும் பணக்காரர் வரியும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 44. நான் ஓய்வு பெறும்போது அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத் திட்டமே இருக்காது என்கிறார்களே?

பதில்: இருக்கும். தீரப்போவது சேர்த்து வைத்த நிதிதான். சம்பளத்தில் பிடிக்கும் வரி வந்துகொண்டேதான் இருக்கும். இந்த நிதியைக் கவனிக்கும் அறங்காவலர்களின் 2025 அறிக்கைப்படி, சட்டத்தை மாற்றாவிட்டால் ஓய்வூதிய நிதி 2033-இல் தீரும். அதன்பின் வரவை வைத்து 77 சதவீதம் கொடுக்கலாம். கிட்டத்தட்ட கால்வாசி வெட்டு. பலமான அடிதான், ஆனால் பூஜ்யம் இல்லை. இந்தப் பற்றாக்குறையைக் குறைக்க, பெரிய சம்பளக்காரர்களுக்கு இந்த வரியில் இருக்கும் உச்சவரம்பை எடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

கேள்வி: பணக்காரர்கள்தான் ஏற்கெனவே அதிக வரி கட்டுகிறார்களே, இதில் என்ன அநியாயம்?

பதில்: வருமான வரி படிப்படியாக ஏறும், சரி. சோஷியல் செக்யூரிட்டி வரி அப்படியல்ல. தொழிலாளியிடம் 6.2 சதவீதம், முதலாளியிடம் 6.2 சதவீதம், ஆனால் வரி பிடிக்கும் ஆண்டுச் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2025-இல் அது 1,76,100 டாலர். அதற்கு மேல் ஒரு சென்ட்கூடப் பிடிக்க மாட்டார்கள்.

அந்த 2025 வரம்பின்படி, 60,000 டாலர் சம்பளக்காரர் 3,720 டாலர் கட்டுகிறார், முழு 6.2 சதவீதம். 10 லட்சம் டாலர் வாங்குபவர் கட்டுவது 10,918, 1.1 சதவீதம்கூட வரவில்லை. இவர் கணக்கு மார்ச் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும், அவர் டிசம்பர் வரை கட்டுவார். நாட்டின் மொத்தச் சம்பளத்தில் 90 சதவீதமாவது வரம்புக்குள் வரட்டும் என்பதுதான் 1977 திருத்தத்தின் நோக்கம். மேல்தட்டுச் சம்பளம் மட்டும் எகிறியதால் இன்று ஏறக்குறைய 83 சதவீதம்தான் உள்ளே இருக்கிறது. குறைக்கச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்குப் பிடிக்கும் வரிக்கோ 1994 முதல் வரம்பே கிடையாது. அதனால் யார் குடியும் முழுகிவிடவில்லை.

கேள்வி: சின்னதாகத் தொழில் நடத்துகிறேன். இரண்டு பங்கையும் நானே கட்டுகிறேன். வரம்பை எடுத்தால் என் கதி?

பதில்: வருமானம் வரம்புக்குக் கீழே என்றால் ஒன்றும் மாறாது. மேலே இருந்தாலும் உடனே மாட்டிக்கொள்வீர்கள் என்றில்லை. 2020 தேர்தலில் பைடன் சொன்ன திட்டத்தில் 4,00,000 டாலருக்கு மேல்தான் வரி மறுபடி தொடங்கும், நடுவில் உள்ளதற்கு விலக்கு. எனக்குப் பிடித்த வடிவம் அதுதான்.

கேள்வி: பெரும் பணக்காரர்கள் சம்பளமா வாங்குகிறார்கள்?

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். அவர்கள் செல்வம் பங்குகளில் வளர்கிறது. விற்காதவரை அந்த ஏற்றத்துக்கு வரி இல்லை. விற்காமலே இறந்தால் வாரிசுக்கு அன்றைய சந்தை விலைதான் அடக்க விலை, பழைய லாபம் வரிக் கணக்கிலிருந்தே மறைந்துவிடும். ஆகவே வரம்பை மட்டும் எடுத்தால் பற்றாக்குறையில் பெரும்பகுதி குறையும், முழுதும் தீராது. முதலீட்டு வருமானத்தையும் தொட வேண்டும். 2013 முதல் அதற்கு 3.8 சதவீத வரி உண்டு. 'மெடிகேர் வரி' என்றே பலரும் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பணம் போவது பொதுக் கருவூலத்துக்கு!

கேள்வி: நாட்டை விட்டே போய்விட்டால்?

பதில்: அமெரிக்கக் குடிமகன் எங்கே வாழ்ந்தாலும் அமெரிக்க வருமான வரி தொடரும். குடியுரிமையையே துறந்தால், பெரும் செல்வந்தருக்கு 2008 முதல் வெளியேறும் வரி இருக்கிறது.