அம்மாவை ஆராய்ச்சியில் சேர்க்கலாமா?

கேள்வி: என் மாமியாருக்கு 72 வயது. மறதி நோய் (டிமென்ஷியா) என்று சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. இப்போது பேரப்பிள்ளைகளின் பெயரே மாறிப்போகிறது. ஆராய்ச்சியில் சேர்த்தால் புது மருந்து கிடைக்கும் என்கிறார் என் கணவர். "அம்மாவை வைத்துச் சோதனை பண்ணவா?" என்று நாத்தனார் சண்டைக்கு வருகிறார். நாங்கள் என்ன செய்வது? - வாசகி, அல்சூர், பெங்களூரு

மருத்துவர் பதில்: ஆராய்ச்சி என்றாலே மருந்து கொடுத்துப் பார்ப்பது என்று இருவருமே நினைக்கிறார்கள். அப்படியில்லை. உங்கள் ஊரில் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் இருக்கும் மூளை ஆராய்ச்சி மையம், பெங்களூரு நகரத்திலும் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்திலும் மக்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கிறது. ரத்தம், ஸ்கேன், ஞாபகத் தேர்வு, அவ்வளவுதான். இதில் சேர்ப்பது 45 வயது தாண்டிய, மறதி நோய் இல்லாதவர்களை. மறதி நோயில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமரில் மூளையின் மாற்றங்கள் அறிகுறிக்கு 15, 20 வருடம் முன்பே தொடங்கிவிடுவதால் அப்படி. ஆக, மாமியாருக்கு இதில் இடமில்லை. வயது பொருந்தினால் கணவரும் நாத்தனாரும் வேண்டுமானால் கேட்டுப் பார்க்கலாம்!

கணவர் சொல்லும் புது மருந்து லெகனமாப், டொனனமாப் போன்ற ஊசிகளாக இருக்கும். அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது முறையே 2023, 2024-இல். அவை ஆரம்ப நிலை அல்சைமரின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். போன ஞாபகத்தைத் திருப்பித் தராது. மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வரலாம் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மாமியார் அந்தக் கட்டத்தைத் தாண்டியிருக்கலாம். நேரில் பார்க்கும் மருத்துவர்தான் உறுதியாகச் சொல்ல வேண்டும்.

வேறு மருந்துச் சோதனைக்கு அழைத்தால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். நெறிமுறைக் குழு அனுமதித்ததா, மருந்தில்லாத ஊசியோ மாத்திரையோ பெறும் பிரிவு உண்டா என்றும் கேளுங்கள். சோதனை மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சோதனையால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்கிறது 2019 விதி. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். வழக்கமான சிகிச்சை நிற்காது. குடும்பத்தார் கையெழுத்துப் போட்டாலும், மாமியாருக்குப் புரிகிற அளவில் சொல்லி அவர் சம்மதத்தையும் கேளுங்கள். ஊசியைக் கண்டு கையை இழுத்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.

இந்தச் சோதனைகளில் ஒவ்வொரு முறையும் நோயாளியோடு வந்து, வீட்டில் எப்படி இருக்கிறார் என்று சொல்ல ஒருவர் வேண்டும். அது அநேகமாக நீங்கள்தான். அதனால் அண்ணனும் தங்கையும் மட்டும் பேசி முடிவெடுக்கக் கூடாது. மாதாமாதம் அலைய முடியுமா, அன்றைக்கு வீட்டை யார் பார்ப்பார்கள் என்பதை முதலில் பேசுங்கள். பராமரிப்பவரின் தூக்கம், மனச்சோர்வு, அதற்கான பயிற்சி பற்றியும் ஆய்வுகள் நடக்கின்றன. உங்களுக்கு உடனே பலன் தரக்கூடியது அதுதான் என்பேன்.

அப்புறம், ஞாபகத் தேர்வைத் தமிழில் நடத்தச் சொல்லுங்கள். வீட்டில் தமிழ் மட்டும் பேசுபவரைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ கேட்டால் மதிப்பெண் குறையத்தான் செய்யும். எத்தனையாவது வரை படித்தார் என்பதையும் சொல்லுங்கள். மறதியைக் கூட்டக்கூடிய வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, காது கேட்கும் திறன் குறைவு மூன்றையும் பார்த்தாயிற்றா? இல்லையென்றால் நிம்ஹான்ஸிலோ வேறு நரம்பியல் மருத்துவரிடமோ பழைய ஃபைலோடு போய், இந்த வாரமே அதை முடித்துவிடுங்கள்.